எளிய பாட்டையும் சாதன மரமும்: இயக்க அமைப்புக்கு வன்பொருள் இணைப்பை விவரிக்கும் முறை – சென்னையின் ‘சக்தி’ செயலியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கணினிச் சில்லுக்குள் செயலியையும் துணைச் சாதனங்களையும் இணைக்கும் பாட்டைகளில் பல, தம்மீது எவை பொருத்தப்பட்டுள்ளன என்பதைத் தாமாக அறிவிப்பதில்லை. அத்தகைய பாட்டைகளை இயக்க அமைப்புக்கு எடுத்துரைக்கும் எழுத்து வடிவமே சாதன மரம். அதில் ‘சிம்பிள்-பஸ்’ என்னும் பெயரால் குறிக்கப்படும் எளிய பாட்டை, கூடுதல் அமைப்பு வேலை எதுவுமின்றித் தன் சேய்ச் சாதனங்களை அணுக இடங்கொடுக்கும் பாட்டையாகும். இக்கட்டுரை அதன் வரையறையையும், முகவரிப் பெயர்ப்பு நிகழும் விதத்தையும், பிழையான விவரிப்பால் நேரும் விளைவுகளையும் விளக்குகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ‘சக்தி’ செயலியும், பரவலாகப் பயன்படும் ராஸ்பெரி பை கணினிகளும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. எளிமை என்பது பாட்டையின் நிலையான இயல்பா, தொடக்க மென்பொருள் விட்டுச்சென்ற நிலையின் விளைவா என்னும் வினாவைக் கட்டுரை முதன்மைப்படுத்துகிறது.

திறவுச் சொற்கள்: சாதன மரம், எளிய பாட்டை, முகவரிப் பெயர்ப்பு, சக்தி செயலி, ரிஸ்க்-ஃபைவ், லினக்ஸ் உட்கரு.

1. முன்னுரை

அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் தென்கரையை அடுத்து, பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஊரூர் ஒல்காட் குப்பம் அமைந்துள்ளது. ஊரூர்க் குப்பம், ஒல்காட் குப்பம் என்னும் இரு மீனவர் குடியிருப்புகளைச் சேர்த்துச் சுட்டும் பெயர் இது. குப்பத்துக்குள் ஒருவரிடம் வழி கேட்டால் தெருவையோ வீட்டு எண்ணையோ சொல்வதே போதும். அதே வீட்டுக்கு மதுரையிலிருந்து கடிதம் அனுப்புவோர் குப்பத்தின் பெயரையும், பெசன்ட் நகரையும், சென்னை 600090 என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். வீடு ஒன்றுதான், உள்ளிருந்து சுட்டும்போது ஒரு முகவரி, வெளியிலிருந்து சுட்டும்போது வேறொரு முகவரி. அவ்விரண்டையும் பொருத்திக் காட்டும் விதி அஞ்சல்துறையிடம் உள்ளது.

இக்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் மேற்கே உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் ‘சக்தி’ செயலித் திட்டம் 2014ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அத்தகைய செயலி ஒன்றில் லினக்ஸ் இயங்க வேண்டுமெனில் மேற்சொன்ன முகவரிச் சிக்கல் மின்னணு வடிவில் தீர்க்கப்பட வேண்டும். எந்தச் சாதனம் எந்த முகவரியில் உள்ளது, அது எந்தப் பாட்டையின் வழியாக அணுகப்படுகிறது, அப்பாட்டையின் உள்முகவரி செயலியின் முகவரியோடு எவ்வாறு பொருந்துகிறது என்பவற்றை இயக்க அமைப்புக்கு யாரேனும் எழுதித் தர வேண்டும். அவ்வெழுத்தில் ஒரு வரி தவறினாலும் சாதனம் இருந்தும் இல்லாததாகிவிடும். புதிய செயலியை வடிவமைக்கும் எந்தக் குழுவும் கடக்க வேண்டிய வாயில் இது.

இக்கட்டுரையில் ‘பஸ்’ என்பதற்குப் பாடநூல் வழக்கிலுள்ள ‘பாட்டை’ என்னும் சொல்லும், ‘கெர்னல்’ என்பதற்கு ‘உட்கரு’ என்பதும், ‘டிரைவர்’ என்பதற்கு ‘இயக்கி’ என்பதும் ஆளப்படுகின்றன. மரத்தின் உறுப்புகள் ‘கணு’ எனவும், அவற்றுக்கிடையேயான உறவு ‘தாய்’, ‘சேய்’ எனவும் சுட்டப்படுகின்றன.

2. தம்மை அறிவிக்கும் பாட்டைகளும் அறிவிக்காத பாட்டைகளும்

பாட்டைகளை இரு வகையாகப் பிரித்துக் காண்பது விளக்கத்துக்கு உதவும். முதல் வகைக்குப் பிசிஐ, யுஎஸ்பி ஆகியவை சான்று. இவற்றில் பொருத்தப்படும் ஒவ்வொரு சாதனமும் தன்னை உருவாக்கிய நிறுவனத்தின் எண்ணையும் தன் வகை எண்ணையும் தன்னுள் தாங்கியிருக்கிறது. இயக்க அமைப்பு வினவினால் சாதனம் விடை தருகிறது. கரையில் நிறுத்தப்பட்ட கண்ணாடியிழைப் படகின் பக்கவாட்டில் எழுதப்பட்ட பதிவெண்ணைப் படித்து அது எவருடையது என்று அறிவதைப் போன்றது இது. அவ்வூரைச் சேராத அலுவலரும் அதைச் செய்ய இயலும்.

இரண்டாம் வகையில் அத்தகைய பதிவெண் இல்லை. சில்லுக்குள் அமைந்த தொடர்வரிசைத் துறை, நேரங்காட்டி, பொதுப்பயன் முனைகள் போன்றவை குறிப்பிட்ட நினைவக முகவரிகளில் வெறும் பதிவகங்களாக நிற்கின்றன. எண் எழுதாத கட்டுமரத்தை ‘இது இன்னாருடையது’ என்று ஊரார் மட்டுமே சொல்ல இயல்வதைப் போல, அம்முகவரியில் இருப்பது இன்னதென்பதைச் சில்லை வடிவமைத்தவர் மட்டுமே சொல்ல இயலும். முகவரியைப் படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வதும் ஏற்றதன்று. சில பதிவகங்களைப் படிப்பதே அவற்றின் நிலையை மாற்றிவிடும். எதுவுமில்லாத முகவரியைத் தொட்டால் பாட்டைப் பிழை எழும், அல்லது செயலி விடைக்காகக் காத்து உறைந்து நிற்கும்.

மேசைக் கணினிகளில் முதல் வகைப் பாட்டைகள் மிகுதி. அங்கும் தம்மை அறிவிக்காத உறுப்புகளுக்கு ஏசிபிஐ என்னும் அட்டவணை முறை உண்டு. கைப்பேசி, வழிச்செலுத்தி, தொழிற்சாலைக் கட்டுப்படுத்தி, சிறு ஒற்றைப்பலகைக் கணினி ஆகியவற்றில் இரண்டாம் வகையே பெரும்பான்மை. சாதன மரம் அவற்றின் தேவையால் வளர்ந்தது.

3. சாதன மரம் தோன்றிய வரலாறு

சாதனங்களை மர வடிவில் விவரிக்கும் கருத்து சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஓப்பன்பூட் தொடக்க மென்பொருளிலிருந்து வளர்ந்தது. அது ‘ஓப்பன் ஃபெர்ம்வேர்’ என்னும் பெயரில் 1994இல் ஐஇஇஇ 1275 தரமாக வெளியிடப்பெற்றது. அக்காலத்தில் மரம் ஒரு கோப்பாக இருக்கவில்லை. இயங்கும் தொடக்க மென்பொருளிடம் இயக்க அமைப்பு வினவிப் பெறும் தரவாக இருந்தது.

2005ஐ ஒட்டிப் பவர்பிசி லினக்ஸ் உருவாக்குநர்கள், முழுமையான ஓப்பன் ஃபெர்ம்வேர் இல்லாத பலகைகளுக்கும் இம்முறை பயன்பட வேண்டி, மரத்தைத் தட்டையான ஓர் இருமக் கோப்பாகச் சுருக்கினர். மனிதர் படிக்கத்தக்க மூல வடிவத்தை அவ்விரும வடிவமாக மாற்றும் தொகுப்பியும் உடன் உருவாயிற்று. 2008இல் இம்மரபு ‘ஈபிஏபிஆர்’ என்னும் ஆவணமாகத் தொகுக்கப்பெற்றது. அதன் வழித்தோன்றலான சாதன மர விவரக்குறிப்பின் முதற்பதிப்பு 2016இல் வெளிவந்தது.

இடையில் நிகழ்ந்த ஒரு திருப்பம் குறிப்பிடத்தக்கது. ஆர்ம் செயலியுடைய ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி நிரற்கோப்பு லினக்ஸ் உட்கருவில் சேர்ந்துகொண்டே வந்தது. முகவரியும் குறுக்கீட்டு எண்ணும் மட்டுமே வேறுபடும் கோப்புகள் பெருகியதைக் கண்டு 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகச் சலிப்பைத் தெரிவித்தார். அதன்பின் ஆர்ம் பலகைகள் படிப்படியாகச் சாதன மரத்துக்கு மாறின. தரவாக இருக்க வேண்டியதை நிரலாக எழுதக் கூடாது என்பதே அம்மாற்றத்தின் சாரம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2010இல் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத்தொகுதி இம்மரபைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது. ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸ் தொடங்கும்போது ஏ0 என்னும் பதிவகம் செயலிக் கருவின் எண்ணையும், ஏ1 என்னும் பதிவகம் நினைவகத்தில் சாதன மரம் வைக்கப்பட்டுள்ள முகவரியையும் ஏந்தி வருகின்றன. சக்தி செயலி ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத்தொகுதியைப் பின்பற்றுவதால் இம்மரபு அதற்கும் உரியது.

4. எளிய பாட்டை: வரையறை

சாதன மரத்தில் சாதனத்தைக் குறிக்கும் கணுவுக்கு ‘இணக்கம்’ என்னும் பண்பு உண்டு. சாதனத்தின் வகைப்பெயர்கள் அதில் நிரல்படுத்தப்படுகின்றன. மிகக் குறிப்பான பெயர் முதலிலும் பொதுவான பெயர் இறுதியிலும் வரும். இயக்க அமைப்பு அப்பெயரைக் கொண்டு உரிய இயக்கியைத் தேடிப் பிணைக்கிறது.

ஒரு பாட்டைக் கணுவின் இணக்கப் பண்பில் ‘சிம்பிள்-பஸ்’ என்று எழுதினால் அது இரண்டு உறுதிமொழிகளைத் தருகிறது. ஒன்று, இப்பாட்டை தன்மீதுள்ள சாதனங்களைத் தானாகக் கண்டறிந்து சொல்லாது. ஆகவே அவை சேய்க்கணுக்களாகக் கீழே எழுதப்பட்டுள்ளன. இரண்டு, அச்சாதனங்களை அணுகப் பாட்டைக்கெனத் தனி அமைப்பு வேலை எதுவும் வேண்டா. முகவரியில் எழுதினால் சாதனத்தைச் சென்றடையும்.

லினக்ஸ் உட்கரு இவ்வுறுதிமொழியை நேராகச் செயற்படுத்துகிறது. தொடக்கத்தில் அது மரத்தின் வேர்க்கணுவிலிருந்து இறங்கி, முதல் நிலையில் இணக்கப் பண்புடைய ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சாதன உருவை உருவாக்குகிறது. அடுத்த நிலைக்கு இறங்க வேண்டுமா என்பதை அது தாய்க்கணுவின் பெயரைக் கொண்டே தீர்மானிக்கிறது. தாய்க்கணு எளிய பாட்டை என்றோ அதுபோன்ற சில அறியப்பட்ட பெயர்களாலோ குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே உட்கரு உள்ளே சென்று சேய்களுக்கும் சாதன உருக்களை அமைக்கும். இல்லையெனில் அச்சேய்களை உருவாக்கும் பொறுப்பு தாய்ச் சாதனத்தின் இயக்கிக்கு உரியது என்று விட்டுவிடும். ஆகவே ‘சிம்பிள்-பஸ்’ என்னும் பெயர் ஒரு வாயிற்கதவு. அது விடுபட்டால் கீழுள்ள சாதனங்கள் அனைத்தும் பிழைச்செய்தி எதுவுமின்றி மறைந்துபோகும்.

5. முகவரிப் பெயர்ப்பு

எளிய பாட்டைக் கணுவின் பொருள் மூன்று பண்புகளால் நிறைவுபெறுகிறது: ‘முகவரி அறைகள்’, ‘அளவு அறைகள்’, ‘வீச்சு’. மரத்தில் எண்கள் 32 இருமம் கொண்ட அறைகளாக எழுதப்படுகின்றன. சேய்க்கணுவின் முகவரியைப் படிக்க எத்தனை அறைகளை எடுத்துக்கொள்ள வேண்டும், அளவைப் படிக்க எத்தனை என்பதை முதலிரு பண்புகள் சொல்கின்றன. இவை எழுதப்படும் கணுவுக்கு உரியவை அல்ல. அதன் சேய்களுக்கு உரியவை. பாட்டனின் மதிப்பு பேரனுக்கு வழிவழியாக இறங்குவதும் இல்லை. எழுதாமல் விட்டால் முகவரிக்கு 2, அளவுக்கு 1 என விவரக்குறிப்பு கொள்கிறது.

‘வீச்சு’ என்பதே அஞ்சல்துறையின் விதியை ஒத்தது. அது மூன்று வகையில் வரலாம்.

அ) வீச்சுப் பண்பே இல்லாமை: சேயின் முகவரி வெளிக்கும் தாயின் முகவரி வெளிக்கும் தொடர்பில்லை, செயலி நேராக அணுக இயலாது.

ஆ) வெற்று வீச்சு: பண்பு உண்டு, மதிப்பு இல்லை. சேயின் முகவரியும் தாயின் முகவரியும் ஒன்றே.

இ) மும்மை வீச்சு: சேய்வெளித் தொடக்கம், தாய்வெளித் தொடக்கம், நீளம் என்னும் மூன்று மதிப்புகள். தாய்வெளி முகவரியைப் பெற, சேயின் முகவரியிலிருந்து சேய்வெளித் தொடக்கத்தைக் கழித்துத் தாய்வெளித் தொடக்கத்தைக் கூட்ட வேண்டும்.

பண்பு இல்லாமைக்கும் வெறுமையாக இருப்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு தொடக்கநிலை மாணவரைப் பெரிதும் குழப்புவது. முன்னது ‘வழியில்லை’ என்கிறது. பின்னது ‘வழியில் மாற்றமில்லை’ என்கிறது.

மும்மை வீச்சின் பயனை ராஸ்பெரி பை கணினிகள் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றின் பிராட்காம் சில்லுகளில் துணைச் சாதனங்கள் பாட்டையின் உள்முகவரியில் 2016ஆவது மெகாபைட்டிலிருந்து தொடங்குகின்றன. முதன்மைத் தொடர்வரிசைத் துறை அத்தொடக்கத்திலிருந்து 2 மெகாபைட்டும் 4 கிலோபைட்டும் தள்ளி உள்ளது. அதாவது பாட்டை முகவரியில் 2018 மெகாபைட், 4 கிலோபைட். செயலியின் பார்வையில் அதே சாதனப் பகுதி முதல் தலைமுறைச் சில்லில் 512ஆவது மெகாபைட்டிலும், ராஸ்பெரி பை 2இல் 1008ஆவது மெகாபைட்டிலும், ராஸ்பெரி பை 4இல் 4064ஆவது மெகாபைட்டிலும் தோன்றுகிறது. விதியைப் பொருத்தினால் அதே துறை முறையே 514, 1010, 4066 மெகாபைட்டுகளோடு 4 கிலோபைட் சேர்ந்த முகவரிகளில் கிடைக்கும்.

முதல் தலைமுறைக்கும் ராஸ்பெரி பை 2க்கும் உரிய விவரிப்புகளில், தொடர்வரிசைத் துறையின் கணு பொதுவான ஒரு கோப்பில் ஒரே ஒருமுறை எழுதப்பட்டுள்ளது. சில்லுக்கு உரிய கோப்பு வீச்சை மாற்றுகிறது. ராஸ்பெரி பை 2க்குரிய முதன்மை வீச்சு 2016, 1008, 16 என்னும் மெகாபைட் மதிப்புகளைக் கொண்டது. ஒரு வரி மாறியதும் அதன் கீழுள்ள சாதனங்கள் அனைத்தின் முகவரியும் ஒருங்கே மாறுகிறது. குப்பத்தின் அஞ்சல் குறியீட்டெண் மாறினாலும் வீட்டு எண்கள் மாறாதிருப்பதைப் போன்றது இது.

ராஸ்பெரி பை 4இல் மற்றொரு நுட்பமும் காணப்படுகிறது. அங்கே வேர்க்கணு முகவரிக்கு 2 அறைகளையும், பாட்டைக்கணு தன் சேய்களுக்கு 1 அறையையும் அறிவிக்கின்றன. எனவே வீச்சின் சேய்ப்பகுதி ஓர் அறையாகவும் தாய்ப்பகுதி ஈரறைகளாகவும் எழுதப்படுகின்றன. ஒரே வரியில் இரு கணுக்களின் அளவுகோல்கள் கலந்து வருவதால் இதைப் படிப்போர் எந்த எண் எந்த வெளியைச் சேர்ந்தது என்று பிரித்தறிதல் வேண்டும்.

எதிர்த்திசை அணுக்கத்துக்கும் தனி விதி உண்டு. சாதனம் தானே முதன்மை நினைவகத்தைப் படிக்கும்போது அது காணும் முகவரி செயலி காண்பதிலிருந்து வேறுபடலாம். அதற்கு ‘டிஎம்ஏ வீச்சு’ என்னும் தனிப்பண்பு உள்ளது. ராஸ்பெரி பை 2இல் சாதனம் காணும் 3072ஆவது மெகாபைட், செயலிக்கு நினைவகத்தின் தொடக்கமாகும்.

6. சக்தி செயலியின் விவரிப்பு

சக்தித் திட்டம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகக் கணினி அறிவியல் துறையில் பேராசிரியர் வீ. காமகோடியின் தலைமையில் உருவானது. ஈ-வகை, சி-வகை, ஐ-வகை எனப் பல செயலி வகைகள் அதில் வகுக்கப்பெற்றன. 64 இரும, ஐந்துநிலைக் குழாய்த்தொடர் கொண்ட சி-வகை லினக்ஸை இயக்க வல்லது. 2018இல் இண்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் நுட்பத்திலும், மொகாலியில் உள்ள குறைகடத்தி ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் நுட்பத்திலும் சக்திச் சில்லுகள் வார்க்கப்பெற்றன.

சக்தியின் முகவரி அமைப்பைக் கொண்டு எளிய பாட்டை விவரிப்பு ஒன்றை வரைந்து காணலாம். மெய்யான மூலக்கோப்பு உரோமன் எழுத்தில் அமையும். இங்கே கற்பித்தல் பொருட்டு அதன் கட்டமைப்பு தமிழில் தரப்படுகிறது. முகவரிகளும் நீளங்களும் பதினாறடிமான எண்களில் உள்ளன. நீளங்கள் விளக்கத்துக்காகக் கொண்டவை.

வேர்க்கணு: முகவரி அறைகள் 1, அளவு அறைகள் 1
– நினைவகம்: தொடக்கம் 80000000
– சில்லுக்கணு: இணக்கம் ‘சிம்பிள்-பஸ்’, முகவரி அறைகள் 1, அளவு அறைகள் 1, வீச்சு (வெற்று)
– – தொடர்வரிசைத் துறை: இணக்கம் ‘சக்தி,யுஆர்ட்0’, இடம் 11300, நீளம் 100
– – கருவக நேரங்காட்டி: இடம் 2000000, நீளம் 10000

இவ்வரைவில் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, நினைவகம் சில்லுக்கணுவுக்கு வெளியே வேர்க்கணுவின் கீழ் உள்ளது. அது பாட்டைச் சாதனமாக அன்றி, இயக்க அமைப்பு குடியேறும் நிலமாகக் கருதப்படுகிறது. இரண்டாவது, வீச்சு வெறுமையாக உள்ளது. சக்தியில் செயலி காணும் முகவரியும் பாட்டை முகவரியும் ஒன்றே. மூன்றாவது, தொடர்வரிசைத் துறையின் இணக்கப் பெயர். ரிஸ்க்-ஃபைவ் கணினிகளில் லினக்ஸுக்கு முன் இயங்கும் ஓப்பன்எஸ்பிஐ என்னும் திறந்த மென்பொருள் இப்பெயரைக் கண்டே சக்தியின் துறைக்குரிய சிறு இயக்கியைத் தெரிவுசெய்கிறது. முகவரி 11300 என்பது அம்மென்பொருளின் நிரலுக்குள் எழுதப்படவில்லை; மரத்திலிருந்து பெறப்படுகிறது.

இதன் பொருளாதார, நிறுவனப் பொருள் சிறியதன்று. சென்னையில் ஒரு மாணவர் குழு களநிரல் வாயில் அணி எனப்படும் பலகையில் சக்தியை ஏற்றி, தொடர்வரிசைத் துறையை வேறொரு முகவரிக்கு மாற்றுகிறது என்று கொள்வோம். பழைய முறையில் உட்கருவைத் திருத்தித் தொகுத்து, அத்திருத்தத்தை ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் சுமந்து செல்ல வேண்டும். சாதன மர முறையில் ஓர் எண்ணை மாற்றி மரத்தை மட்டும் தொகுத்தால் போதும். உலகெங்கும் வழங்கும் அதே உட்கரு இயங்கும். சொந்தச் செயலி உடைய ஒரு நாடு, சொந்தக் கிளை இயக்க அமைப்பையும் தனியே பேண வேண்டிய சுமையிலிருந்து விடுபடுவதற்கு இவ்விவரிப்பே வழி.

7. எளிய பாட்டையாகாதவை

எல்லைகளை அறிந்தாலன்றி வரையறை தெளிவுறாது. அடையாற்று முகத்துவாரத்தில் நீர்மட்டத்தையும் வெப்பநிலையையும் அளக்கும் ஒரு கருவியைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் வெப்ப உணரி ஐ2சி என்னும் இருகம்பிப் பாட்டையில் பதினாறடிமான முகவரி 48இல் உள்ளது. இந்த 48 நினைவக முகவரி அன்று. கம்பியின்மீது கூப்பிடப்படும் பெயர். செயலி 48ஆம் முகவரியில் எழுதினால் உணரிக்கு எதுவும் சென்று சேராது. ஐ2சி கட்டுப்படுத்தியின் இயக்கியே தொடக்கக் குறிகையை எழுப்பி, முகவரியைக் கூறி, விடைக்குக் காத்திருந்து தரவைப் பெற வேண்டும். எனவே ஐ2சி கணுவில் அளவு அறைகள் 0, வீச்சு இல்லை, ‘சிம்பிள்-பஸ்’ என்னும் பெயரும் இல்லை. ஆயினும் அந்த ஐ2சி கட்டுப்படுத்தி தன்னளவில் ஓர் எளிய பாட்டையின் சேயாக இருக்கலாம். மரத்தின் ஒரு கிளையில் எளிமை ஒரு கணுவோடு முடிந்து, அடுத்த கணுவில் இயக்கியின் ஆட்சி தொடங்குகிறது.

இரண்டாவது, பல பணிகளை ஒரே பதிவகத் தொகுதியில் கொண்ட சாதனங்கள். இவற்றின் உட்பகுதிகளும் சேய்க்கணுக்களாக எழுதப்படலாம். ஆனால் அவை ஒரு பாட்டையின்மீது அமர்ந்தவை அல்ல. இவற்றுக்கெனச் ‘சிம்பிள்-எம்எஃப்டி’ என்னும் பெயர் உண்டு. உட்கரு இதன் சேய்களையும் உருவாக்கும் என்பதால் இதனை எளிய பாட்டையோடு மாற்றி எழுதுவோர் உளர். விளைவு ஒன்றாகத் தோன்றினும் விவரிப்பு பொய்யாகிவிடும்.

மூன்றாவது, நேரடி நினைவக அணுக்கம் உடையதாயினும் கடிகாரத் துடிப்பும் மின்வழங்கலும் தேவைப்படும் பாட்டை. இதற்குச் ‘சிம்பிள்-பிஎம்-பஸ்’ என்னும் பெயர் ஏற்பட்டது. சேய்ச் சாதனம் பயன்பாட்டில் உள்ளவரை தாய்ப்பாட்டையின் மின்னாற்றலைத் தக்கவைப்பது இதற்குரிய இயக்கியின் பணி.

8. எளிமை யாருடைய பண்பு?

மேற்சொன்ன மூன்றாம் வகை ஓர் அடிப்படை வினாவை எழுப்புகிறது. சாதன மரம் வன்பொருளை விவரிக்க வேண்டும். இயக்க அமைப்புக்கு ஆணையிடக் கூடாது என்பது அதன் நெறி. ஆனால் ‘அணுகக் கூடுதல் அமைப்பு வேலை வேண்டா’ என்னும் கூற்று வன்பொருளைப் பற்றியது மட்டுமா?

ஒரு பாட்டைக்குக் கடிகாரத் துடிப்பு தேவை எனக் கொள்வோம். தொடக்க ஏற்றி தன் பணிக்காக அத்துடிப்பை இயக்கிவைத்துவிட்டு இயக்க அமைப்பிடம் ஆட்சியை ஒப்படைக்கிறது. அந்நொடியில் பாட்டை எளிமையானதாகவே காட்சியளிக்கிறது. விவரிப்பை எழுதுவோர் சோதித்துப் பார்க்கிறார், சாதனம் இயங்குகிறது, ‘சிம்பிள்-பஸ்’ என்று எழுதிவிடுகிறார். ஆனால் லினக்ஸ் உட்கரு தொடக்கத்தின் இறுதிக் கட்டத்தில், எந்த இயக்கியும் உரிமை கோராத கடிகாரத் துடிப்புகளை மின்சிக்கனம் கருதி நிறுத்திவிடும். பாட்டையின் துடிப்பை எவரும் மரத்தில் குறிப்பிடவில்லையாதலால் அதுவும் நிறுத்தப்படும். அதுவரை இயங்கிய சாதனம் அடுத்த அணுக்கத்தில் உறையும். பிழை விவரிப்பில் இருக்க, பழி சாதனத்தின் இயக்கிமேல் விழும்.

ஆகவே எளிமை என்பது இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. ஒன்று இயல்பான எளிமை: செயலி இயங்கும் காலமெல்லாம் பாட்டையும் இயங்கும்படி சில்லே வடிவமைக்கப்பட்டிருத்தல். மற்றொன்று கடன்பெற்ற எளிமை: முன்னர் இயங்கிய மென்பொருள் விட்டுச்சென்ற நிலையால் அவ்வாறு தோன்றுதல். முன்னது வன்பொருள் உண்மை. பின்னது ஒரு காலத்துக்கு மட்டுமே உரிய உண்மை. தொடக்க ஏற்றியின் புதிய பதிப்பு அத்துடிப்பை இயக்காமல் விட்டாலும், உட்கருவின் புதிய பதிப்பு அதை நிறுத்தினாலும் அது பொய்யாகிவிடும். விவரிப்பாளர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, ‘இன்று இயங்குகிறதா?’ என்பதன்று, ‘எவர் முன்னர் என்ன செய்திருந்தாலும் இயங்குமா?’ என்பதே.

இதனோடு தொடர்புடைய ஒரு வழக்கத்தையும் சுட்ட வேண்டும். குறிப்பான பாட்டைப்பெயரை முதலில் எழுதி, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ‘சிம்பிள்-பஸ்’ என்பதை இரண்டாவதாகச் சேர்ப்பது உண்டு. பட்டியலில் எந்த இடத்தில் இருந்தாலும் அப்பெயரைக் கண்டவுடன் லினக்ஸ் உட்கரு சேய்களை உருவாக்கிவிடும். குறிப்பான இயக்கி பாட்டையை ஆயத்தம் செய்யுமுன்பே சேய்களின் இயக்கிகள் பதிவகங்களைத் தொட நேரும். எனவே ஆயத்தம் தேவைப்படும் பாட்டைக்கு அப்பெயரை மாற்றுப்பெயராகவும் இடுதல் கூடாது.

9. பிழைகளும் கண்டறியும் நெறியும்

வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் பயன்படும் வகையில் பிழைகளை அவற்றின் அறிகுறிகளோடு நிரல்படுத்தலாம்.

அ) சேய்கள் தோன்றவே இல்லை, பிழைச்செய்தியும் இல்லை. பாட்டைக்கணுவில் ‘சிம்பிள்-பஸ்’ என்னும் பெயர் விடுபட்டிருக்கலாம்.

ஆ) சாதன உரு உண்டு, இயக்கி தனக்கு நினைவகப் பகுதி கிடைக்கவில்லை என்கிறது. வீச்சுப் பண்பு விடுபட்டிருக்கலாம். வெற்று வீச்சு வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதாமல் விடுவதே இதன் பொதுவான காரணம்.

இ) முகவரி நம்பவியலாத அளவு பெரியதாக உள்ளது. அறை எண்ணிக்கை அறிவிக்கப்படவில்லை. சான்றாக, 11300, 100, 11400, 100 என ஈரிடங்களைக் குறிக்க எழுதிய நான்கு எண்களை, 2, 1 என்னும் இயல்பு மதிப்புகளைக் கொண்டு படித்தால் முதலிரு அறைகள் இணைந்து 1130000000100 என்னும் ஒற்றை முகவரியாகும். 11400 அதன் நீளமாகிவிடும். எஞ்சிய 100 பொருளற்று நிற்கும்.

ஈ) தொடக்கத்தில் இயங்கிப் பின்னர் உறைகிறது. பயன்படாத் துடிப்புகளை நிறுத்தாதே என்னும் தொடக்க அளபுருவை உட்கருவுக்குத் தந்து பார்க்க வேண்டும். சிக்கல் மறைந்தால் பாட்டையோ சாதனமோ தன் துடிப்பை மரத்தில் குறிப்பிடவில்லை என்பது தெளிவு. அவ்வளபுரு நோயறியும் கருவி மட்டுமே; அதையே மருந்தாக்கி விட்டுவிடலாகாது.

எல்லாவற்றுக்கும் முன் செய்யத்தக்கது, இயங்கும் லினக்ஸ் தன் ‘ப்ராக்’ அடைவின் கீழ்க் காட்டும் சாதன மரத்தைப் படிப்பதாகும். எழுதிய மரமும் ஏற்றப்பட்ட மரமும் ஒன்றென்று கொள்ள இயலாது. தொடக்க ஏற்றி இடையில் அதைத் திருத்தக்கூடும். மூலத்தைத் தொகுக்கும்போது தொகுப்பி தரும் எச்சரிக்கைகளும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. கணுப்பெயரிலுள்ள முகவரியும் இடப்பண்பின் முகவரியும் முரண்படுதல், அறை எண்ணிக்கை பொருந்தாமை ஆகியவற்றை அது சுட்டிக்காட்டும்.

10. முடிவுரை

இக்கட்டுரையால் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

தம்மை அறிவிக்காத பாட்டைகளுக்கு எழுத்துவழி விவரிப்பு இன்றியமையாதது. சாதன மரம் அத்தேவையை நிறைவு செய்கிறது.

‘சிம்பிள்-பஸ்’ என்பது சேய்கள் எழுதப்பட்டுள்ளன என்பதற்கும், அவற்றை ஆயத்தமின்றி அணுகலாம் என்பதற்கும் தரப்படும் இரட்டை உறுதிமொழி. வெற்று வீச்சும் வீச்சின்மையும் எதிரெதிர்ப் பொருள் தருவன.

பாட்டையின் உள்முகவரியை வீச்சால் பெயர்ப்பதால், சில்லு மாறினும் சேய்க்கணுக்கள் மாறாமல் பயன்படுகின்றன என்பதை ராஸ்பெரி பை காட்டுகிறது. முகவரியை நிரலிலிருந்து பிரித்துத் தரவாக வைப்பதால் சக்தி போன்ற புதிய செயலி பொதுவான உட்கருவில் இடம்பெற வழி பிறக்கிறது.

எளிமையை அறிவிக்குமுன் அது பாட்டையின் இயல்பா, தொடக்க மென்பொருளிடம் கடன்பெற்றதா என்று ஆராய்தல் வேண்டும். கடன்பெற்ற எளிமைக்கு உரிய பெயர் வேறு. அதன் துடிப்பையும் மின்வழங்கலையும் மரத்தில் வெளிப்படையாக எழுதுதலே முறை.

ஒரு சில்லின் ஆயுள் அதன்மேல் இயங்கும் மென்பொருட் பதிப்பின் ஆயுளைவிட நீண்டது. வடிவமைத்தவர் அருகில் இல்லாத காலத்திலும் அச்சில்லைப் பற்றிப் பேசப்போவது அவர் எழுதிய விவரிப்பே. அடையாற்றங்கரையில் உருவாகும் செயலிகள் பிற ஊர்களிலும் பிற கைகளிலும் நெடுங்காலம் இயங்க வேண்டுமாயின், அவற்றின் மின்சுற்றுக்குக் காட்டும் அதே கண்டிப்பை அச்சில வரிகளுக்கும் காட்டுதல் தகும்.